பழைய பேப்பர் லோரியில் வந்த பாட்டுப் பெட்டி

அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது என் கண் இரண்டும் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாநிறம், ஒல்லி, முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள் என்றாள் என் மனைவி. நல்ல உயரம், பல் கொஞ்சம் எடுப்பு என்றார் முனைக்கடைக்காரர். கோலாலம்பூரிலிருந்து வந்த என் மகள், "சாதாரணமா இருக்காங்கப்பா" என்று முடித்துவிட்டாள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று பேர் வருகிறார்கள். அதனால் என்னிடம் இருக்கிற ஆளையே எழுதப் போகிறேன். எழுதுவது என்றால், போனிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறேன், அது எழுத்தாக்குகிறது, மகள் பிழை பார்க்கிறாள்.

என்னிடம் இருக்கிற ஆள் ஒரு ஜோடி சிலிப்பரில் தொடங்குகிறாள். வலது காலுக்கு வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தாள். சிமெண்டுத் தரையில் இடது கால் 'டப்' என்னும், வலது கால் 'கிரீச்' என்னும். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியால் எங்கள் கிரில் கேட்டில் இரண்டு தட்டு, சற்று நிறுத்தி இன்னொரு தட்டு. "அண்ணே, நான்தான்." தட்டிய விதத்திலேயே யாரென்று தெரிந்த பிறகு அந்த 'நான்தான்' எதற்கு என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நின்றுபோன இயந்திரங்களை ஓட வைப்பதுதான் உத்தியோகம். எங்கள் குளுவாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருவாள். மழைக்கோட்டு ரப்பர் வாசனையும் ஈயம் பற்றவைத்த புகை வாசனையும் அவளோடு உள்ளே வரும். சரியான கஞ்சம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஊரே சொன்னதுதான். பார்சலில் ஒட்டியிருக்கும் டேப்பைக்கூட மறுபடி ஒட்டலாம் என்று மெதுவாக, அரை அங்குலம் அரை அங்குலமாகப் பிரிப்பாள். அந்த நீளமான 'ஸ்ஸ்ஸ்ர்' சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். "புதுசு வாங்கித் தொலையேம்மா" என்பேன். "எதுக்குண்ணே? இருக்கறத வச்சு பாப்போம்" என்பாள். எதற்கும் அதுதான் பதில்.

நான் யாரென்று சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் கல்யாணம், திருவிழா, பிறந்தநாள், பதினாறாம் நாள் என்று எது நடந்தாலும் என் சவுண்டு சிஸ்டம் வேன்தான் முதலில் வந்து நிற்கும். பாட்டு போடுவது விளையாட்டில்லை. மாப்பிள்ளை கார் திரும்பும்போது ஒரு பாட்டு, பந்தியில் சோறு விழும்போது ஒரு பாட்டு என்று கணக்கு உண்டு. தாலி கட்டி முடித்த அந்தக் கணத்துக்கு அரை விநாடி பிந்தினாலும் பெண்ணின் தாய்மாமன் முறைப்பார். ஆறு பெட்டி நிறைய சிடியும் கேசட்டும் வைத்திருந்தேன். அட்டையின் நிறத்தை வைத்தே கை எடுத்துக் கொடுக்கும்.

இனிப்பு நீர் வியாதி முதலில் வலது கண்ணை எடுத்தது. இடது கண்ணுக்கு மருத்துவமனையில் என்னென்னவோ செய்தார்கள். அதுவும் போனது. வேனை விற்றாயிற்று. என் மனைவி பள்ளிக்கூடக் கெண்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்குப் போனால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வருவாள். அந்த எட்டு மணி நேரம் வீட்டில் நானும் பாட்டும்தான். ஆனால் எந்தப் பாட்டு எந்த அட்டையில் என்று எனக்குத் தெரியாது. எல்லா சிடியும் கைக்கு ஒரே மாதிரிதான். இருபத்தெட்டு வருடம் ஊருக்கே பாட்டுப் போட்டவன், ஒரு பாட்டு மாற்ற மனைவி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கண் போனதைவிட அதுதான் என்னை அறுத்தது.

மகள் ஒரு பேசும் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். கேட்டால் பாடுமாம். நான் ஒரு பழைய பாடகரின் பேரைச் சொன்னேன். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாளைக்கு மழை வரும் என்றது. மழை வந்தது, அதை மறுக்கவில்லை. பாட்டு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டைத் திறந்து கூப்பிட்டுவிட்டேன். ஆறு பெட்டியையும் எடுத்துப்போகச் சொன்னேன். என் மனைவி பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். லோரிக்காரச் சீனர் நான்காவது பெட்டியைத் தூக்கும்போது, டப், கிரீச், டப், கிரீச் என்று வேகமாக ஒரு சத்தம்.

"அண்ணே, என்ன இது? யாரக் கேட்டு குடுக்கறீங்க?"

"என் சாமான், என் இஷ்டம். எனக்குக் கண்ணு போச்சும்மா. இத வச்சு என்ன பண்ணப் போறேன்?"

குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் 'த்சொ' கொட்டியிருப்பார்கள். அவள், "காது நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாக்கில் வந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லோரியின் பின்பக்கம் ஏறிவிட்டாள். எதையோ உருட்டுகிற சத்தம். பிறகு, "அங்கிள், இனி போலே தூக்கார் தாக்?" என்று, மாற்றிக்கொள்ளலாமா என மலாயில் பேரம். யாரோ ஒரு அலுவலகத்தில் கழித்துப்போட்ட சின்னக் கணினி ஒன்று பேப்பர் கட்டுகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. என் வீட்டுப் பின்கட்டில் ரோசாக் ஆகி ஓடாமல் கிடந்த துணி துவைக்கும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோரியில் ஏறிய நான்கு பெட்டியும் இறங்கின. லோரி போனது. நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு கேட்டில் சாவி தட்டியது. "அண்ணே, நான்தான். பொட்டிக்கு உயிர் இருக்கு."

வீட்டுக்குள்ளேயே ஒரு பாட்டுக் களஞ்சியம் செய்யலாம் என்றாள். எல்லா சிடியும் கேசட்டும் அந்தக் கணினிக்குள் போய்விடும், எந்த அறையில் வேண்டுமானாலும் பாடும், இன்டர்நெட் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மொத்தச் செலவு ஒரு தீபாவளிச் சேலை விலையைத் தாண்டக் கூடாது. "அண்ணி, சுமாரான சேலையா, நல்ல சேலையா?" என்று கேட்டாள் அவள். சுமாரான சேலைக்கே சம்மதம் கிடைத்தது.

அந்தச் சேலைக்குள் அவள் வேலையை முடித்த விதம் இருக்கிறதே! கணினி சூடாகாமலிருக்க ஏதோ பழைய கருவியிலிருந்து காற்றாடி வந்தது. பெட்டி அதிராமலிருக்க என் பழைய சிலிப்பரின் அடிப்பாகத்தை வெட்டிக் கால் வைத்தாள். என் பழைய ஆம்பிளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் அலமாரி மேலிருந்து மறுபடி உயிர் பெற்றன. சமையலறைக்கு, மனைவியின் திரை உடைந்த போன் ஒரு குட்டி ஸ்பீக்கரோடு போய் உட்கார்ந்தது. ஆனால் பாட்டுகளைச் சேமிக்கிற டிஸ்க் மட்டும் புதிது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்குமாம். ஆணிகூடப் புதிதாக வாங்காதவள் இதற்குச் செலவழித்தது எனக்கு நம்ப முடியவில்லை.

"இருக்கறத வச்சு பாக்கலாம்னுதானே சொல்லுவ?"

"இருந்தாத்தானண்ணே பாக்கலாம்" என்றாள்.

சிடிக்களை உள்ளே ஏற்றும் வேலை என்னுடையது. அவள் செய்துவிட்டிருக்கலாம், செய்யவில்லை. தட்டில் சிடியை வைத்துத் தள்ளினால் கணினி தானே இழுத்துக்கொள்ளும், தானே படியெடுக்கும், முடிந்ததும் தட்டைத் தானே வெளியே நீட்டும். நான் எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். முதல் சில விநாடி பாட்டு கேட்கும். அது என்ன சிடி, எந்த விசேஷத்துக்கு ஆகும் என்று நான் மைக்கில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஏற்ற ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் என் மனைவி இரண்டு மணிக்கு வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் பல நாள் இல்லை என்பதுதான் பதில். நேரம் போனதே தெரியாது. கேசட்டுகள் இன்னும் மெதுவாகப் போயின. அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல். உள்ளே போன இத்தனை பாட்டில் வேண்டியதை நான் எப்படி எடுப்பது? போனில் எடுக்கலாம், ஆனால் வழவழவென்று இருக்கும் அந்தக் கண்ணாடியில் என் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. அவள் எங்கிருந்தோ எண்கள் மட்டும் உள்ள ஒரு பலகையைக் கொண்டுவந்தாள். ஐந்தாம் எண்ணில் ஒரு சின்ன மேடு இருக்கும். அதைத் தடவிப் பிடித்துவிட்டால் மற்ற எல்லா எண்ணும் விரலுக்குத் தெரிந்துவிடும். பாடகர் வரிசை வேண்டாம், என் தொழில் வரிசையே இருக்கட்டும் என்றேன். ஒன்று, பிள்ளையார் பாட்டு. இரண்டு, மாப்பிள்ளை அழைப்பு. நான்கு, பந்தி. ஐந்து, இளசுகள் ஆடுவது. ஒன்பது, துக்கம். இப்படியே. எண்ணை அழுத்தினால் முதலில் என் குரலே, "நாலு. பந்தி" என்று அறிவிக்கும். "கம்ப்யூட்டர் பேசற தமிழக் காது கொடுத்து கேக்க முடியலண்ணே. உங்க குரல்தான் இருக்கே" என்றாள். பூஜ்யத்தை மட்டும் காலியாக விட்டாள். எதையும் சும்மா விடாதவள், "ஒரு எடம் சும்மா கெடக்கட்டும்" என்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதைச் சோதித்துப் பார்ப்பாள். அப்போதெல்லாம் நாற்காலியில் இடித்துக்கொள்வாள், மேசையிலிருந்து எதையாவது தட்டிவிடுவாள். என்ன பெண் இவள், இவ்வளவு தடுமாற்றம் என்று நினைத்தேன். ரொம்ப நாள் கழித்து என் மனைவி சொன்னாள், அந்த நேரம் முழுவதும் அவள் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டிருப்பாளாம்.

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கட்டளை போட்டிருந்தேன். எப்போது கரண்டு வந்தாலும் பெட்டி பிள்ளையார் பாட்டோடுதான் தொடங்க வேண்டும். எந்த சவுண்டு சிஸ்டம்காரனும் அப்படித்தான். சாமி பாட்டைப் பாதியில் அறுக்கக் கூடாது. அதனால் ஒன்றாம் எண் பாட ஆரம்பித்தால் முடிகிறவரை எந்தப் பட்டனை அழுத்தினாலும் நிற்கக் கூடாது. "நல்லா யோசிச்சு சொல்லுங்கண்ணே" என்றாள். "நீ எனக்குத் தொழில் சொல்லித் தராதம்மா" என்றேன். அவள் அப்படியே செய்துவிட்டாள்.

மூன்றாவது வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். அன்று மாலை எடுக்கவிருந்தார்கள். என் மனைவி அங்கேதான் இருந்தாள். பிற்பகலில் குளுவாங் இடி தெரியுமல்லவா, ஒரே இடியில் தாமான் முழுக்கக் கரண்டு போனது. நான் குளிக்கப் போனேன். தலையெல்லாம் சோப்பு. கரண்டு வந்தது.

முந்தின நாள் காலை, நாற்காலி போட்டு ஏறிச் சத்தத்தைக் கூட்டி, ஐந்தாம் எண்ணை ரசித்துவிட்டு ஆம்பிளிஃபையரை அப்படியே விட்டிருந்தேன். நாதஸ்வரமும் தவிலுமாகக் கல்யாண மண்டபத்துச் சத்தத்தில் பிள்ளையார் பாட்டு வெடித்தது. மூன்று வீடு தள்ளி ஒப்பாரி. என் வீட்டில் கெட்டிமேளம். துண்டைத் தேடி, சுவரைத் தேடி, வழுக்கி எழுந்து, ஹாலுக்கு வந்தபோது பாதிப் பாட்டு போயிருந்தது. நாற்காலி கைக்குத் தட்டுப்படவில்லை, அலமாரி மேலிருந்த ஆம்பிளிஃபையர் எட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கக் கை போனது. சாமி பாட்டாச்சே என்று கை நின்றது. தண்ணீர் சொட்டச் சொட்ட, பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாட்டை நான் கேட்டதில்லை.

என் மனைவி வந்து கத்திய கத்தலை மகள் எப்படியும் அழித்துவிடுவாள் என்பதால் விட்டுவிடுகிறேன். மறுநாள் சாவி தட்டியதும், "இந்தப் பொட்டிய எடுத்துட்டுப் போயிரும்மா. இனிமே எனக்குப் பாட்டே வேணாம்" என்றேன். சும்மா சொல்லவில்லை, மனதார. இந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி தெருவில் யார் குரலையும் கேட்க முடியாது என்று தோன்றியது.

அவள் சிரிக்கவில்லை. நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. "எடுத்துட்டுப் போறது ஒரு வேலையாண்ணே. அங்க போய் மன்னிப்பு கேக்கறது யாரு?"

"உங்க அண்ணி கேட்டுட்டா."

"அண்ணியா பாட்டு போட்டாங்க?"

கண் போன பிறகு நான் கேட்டைத் தாண்டியது மருத்துவமனைக்குப் போக மட்டும்தான். அன்று தாண்டினேன். அவள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் முழங்கையை நீட்டி, "பிடிச்சுக்குங்க" என்றாள். முன்னால் டப், கிரீச் போக, பின்னால் நான் போனேன். அறுபது எழுபது அடிதான் இருக்கும். முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

பெரியவரின் மனைவி என் குரலைக் கேட்டதும் எழுந்து வந்தார். நான் வாயைத் திறக்குமுன், "எங்க மக கல்யாணத்துல நீங்க மொதல்ல போட்டது அதே பாட்டுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அவருக்கு ரொம்பப் பிடிக்கும். நேத்து அது கேட்டப்ப, எல்லாரும் அழுகைய நிறுத்திட்டு அவரப் பத்தியே பேச ஆரம்பிச்சுட்டோம். போகும்போது பிள்ளையார் பாட்டோட போனாருன்னு வச்சுக்குவோம், விடுங்க." நான் அங்கேயே அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் துக்க வீட்டுக்காரர் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. புறப்படும்போது அந்த அம்மா கேட்டார்: "பதினாறுக்கு நீங்கதான் வந்து பாட்டு போடணும். வருவீங்களா?"

வருவேன் என்று சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆம்பிளிஃபையரை என் இடுப்புயரத்துக்கு இறக்கி வைத்தாள். கரண்டு வந்தால் பெட்டி சும்மா இருக்கும்படி மாற்றினாள். ஒன்றாம் எண்ணை மட்டும் இன்றுவரை பாதியில் நிறுத்த முடியாது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனோம். புறப்படும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் எண்ணை அழுத்தினால், "ஒம்பது. துக்கம்" என்று என் குரல் சபை முழுக்க ஒலிக்குமே! அவள் அதை முன்பே யோசித்திருந்தாள். ஒரு பக்கம் கெட்டுப்போன இயர்போனை என் காதில் செருகினாள். அறிவிப்பு எனக்கு மட்டும், பாட்டு ஊருக்கு. ஓதுவார் பதிகம் எழுந்தபோது அந்த வீட்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. எந்த இடத்தில் குறைக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. யாரையும் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பழையபடி இல்லாவிட்டாலும், இந்தத் தாமானில் பிறந்தநாளோ பதினாறோ வந்தால் ஆள் அனுப்புகிறார்கள். மாதத்துக்கு ஒன்று வந்தாலே எனக்கு அந்த மாதம் நிறைந்துவிடும். இது அவள் கொடுத்தது. நான் எத்தனையோ முறை நன்றி சொல்ல வாயெடுத்திருக்கிறேன். "டீத்தூள் இருக்காண்ணி?" என்று சமையலறைப் பக்கம் போய்விடுவாள். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் காது நல்லாத்தானே இருக்கு என்று கேட்டாயே, அதற்கு நன்றி அம்மா. ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

சிங்கப்பூரில் வேலை கிடைத்து அவள் ஜொகூர் பாருவுக்குக் குடிபோனாள். போகிற அன்று என் மனைவி போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். எடுத்தார்கள். "எனக்கு?" என்றேன். நான் என் பழைய மைக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். மைக்கை எங்கே வைத்தால் எந்தச் சத்தம் விழும் என்று அவளுக்கென்ன தெரியும். இது என் தொழில். காற்றுச் சத்தம் விழாமல் மைக்குக்கு ஒரு காலுறையைச் சுற்றினேன். "நீ தெருவுலருந்து எப்பவும் போல வா" என்றேன்.

"அலமாக், எதுக்குண்ணே இதெல்லாம்?"

"வாம்மா. ஒரு எடம் காலியாக் கெடக்கு."

வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். சிலிப்பர் வேண்டுமானால் மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். உன் கழுத்தை நெரிப்பேன் என்றேன்.

அதெல்லாம் நடந்து ஏழு வருடம். போன மாதம் பெட்டி திடீரென்று நின்றுவிட்டது. அவளுக்குப் போன் போட்டேன். "பதறாதீங்கண்ணே. ரெண்டு டிஸ்க்குல கைய வைங்க. எது ஆடாம, சில்லுனு கெடக்கு?" என்றாள். இடது பக்கம் இருந்தது பிணம் மாதிரி கிடந்தது. வலது பக்கம் உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது. இடதைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். மகளிடம் சொல்லிப் புதிது வரவழைத்து நானே பொருத்தினேன். சேர்த்தது ஒன்றுகூடப் போகவில்லை.

எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க, முதலில் ஒன்றைத்தான் அழுத்தியிருக்க வேண்டும். பிள்ளையார் மன்னிக்கட்டும். நான் எப்போதும் இயர்போனில் மட்டும் கேட்கும், அறிவிப்பில்லாத பூஜ்யத்தை, ஸ்பீக்கரில் விழும்படி அழுத்தினேன்.

டப், கிரீச். டப், கிரீச். கிரில் கேட்டில் இரண்டு தட்டு. நிறுத்தி, ஒரு தட்டு. "அண்ணே, நான்தான்."

சமையலறையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "வாம்மா, வாம்மா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனாள்.